பெட்டியும் சீருடையும்

என் மகன் அழுகின்ற புகைப்படம் ஒன்று என் கைப்பேசிக்கு இதுவரை நான்கைந்து முறை வந்துவிட்டது. அனுப்பியவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். ஒருவர் என்னோடு ஒரே கல்லூரியில் பணியாற்றியவர். மற்றவர்கள் ஓய்வூதியர் குழுவில் தினமும் காலை வணக்கம் அனுப்புவதைக் கடமையாகக் கொண்டவர்கள். படத்தில் இருப்பவன் என் மகன் என்பது அவர்களுக்குத் தெரியாது. இராணுவச் சீருடை, தோளில் பை, காதில் கைப்பேசி, கன்னத்தில் கண்ணீர். பக்கத்தில், சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்ட ஓர் அந்நியரின் முகம். கீழே, "உயிர்த் தோழனின் உடலோடு ஊர் திரும்பும் கொடைக்கானல் வீரர். பகிராமல் கடந்து போகாதீர்கள்" என்ற வாசகம்.

தோழனும் இல்லை, போர்க்களமும் இல்லை. அந்தப் படம் எடுக்கப்பட்டபோது மறுமுனையில் பேசிக்கொண்டிருந்தவன் நான். அவனுடைய அம்மா அன்று விடியற்காலையில் இறந்துபோனதை நான் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன்.

கல்லூரியில் நான் கற்பித்த பாடம் தத்துவம். அதிலும் பெரும்பாலும் தருக்கம். கண்ணுக்குத் தெரிவனவெல்லாம் உண்மையாக இருந்தும் அவற்றிலிருந்து வரும் முடிவு பொய்யாகலாம் என்பதை விளக்க, புகையையும் நெருப்பையும் வைத்தே என் பணிக்காலம் முழுவதையும் ஓட்டினேன். மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குச் சென்ற அந்த ஒருநாள் பயணம் முன்பே வாய்த்திருந்தால், மாணவர்களுக்கு வேறு எடுத்துக்காட்டே தேவைப்பட்டிராது.

என் மகன் படையில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் ஹவில்தார். மலைமேல் நின்றுபோகும் லாரிகளின் கியர்பெட்டியைக் கழற்றி மாட்டுவது அவன் வேலை. இதை யாரும் நம்புவதில்லை. விடுப்பில் வரும்போதெல்லாம் கொடை ரோடு ரயில் நிலையத்துக்குப் போய் அவனை அழைத்து வருவது என் வழக்கம். அங்கிருந்து வீடு சேரும்வரை அவனுக்கு நடப்பதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்; ரயிலில் நடப்பதை அவன் சொல்லக் கேட்டிருக்கிறேன். முன்பதிவு கிடைக்காமல், கழிவறைக்குப் பக்கத்தில் தன் கறுப்பு டிரங்குப் பெட்டியின் மேலேயே இரண்டு இரவுகள் உட்கார்ந்து வந்தவனிடம், "கொஞ்சம் நகந்து உக்காருப்பா, பெட்டிய எடு" என்று அதட்டியவரே, பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு விறைப்பாகச் சலாம் வைப்பார். உட்கார இடம் மட்டும் தரமாட்டார்.

பேருந்தில் ஏறியதும் கேள்விகள் தொடங்கும். "எத்தன பேரச் சுட்டிருக்கீங்க தம்பி?"

"கியர் பாக்ஸ்தான் கழட்டியிருக்கேன் அண்ணே."

"ரகசியம்னு சொல்ல மாட்டேங்கிறாரு பாருங்க" என்று கேட்டவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் பெருமையோடு சொல்வார்.

வத்தலக்குண்டு தாண்டுவதற்குள் குரல்கள் தணியும். யாராவது ஒருவர் இவன் காதருகே குனிவார். படையினருக்குச் சலுகையில் கிடைக்கும் ரம் பாட்டில் ஏதாவது பையில் இருக்கிறதா, ஒன்று கிடைக்குமா என்பதே இறுதியில் வந்து நிற்கும் கேள்வி. முதலில் சலாம், பிறகு துப்பாக்கி, முடிவில் பாட்டில். ஒருமுறைகூட இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவிலும் அப்படித்தான். அவன் வந்து இறங்கிய மறுநாள் காலையில், நலம் விசாரிக்கும் பாவனையில் ஆண்கள் ஒவ்வொருவராக வருவார்கள். அவர்களை வாசலிலேயே எதிர்கொள்வது என் மனைவி. பள்ளி விடுதி ஒன்றில் மேட்ரனாக இருந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பொய்களைக் கேட்டுப் பழகியவள் அவள்.

"பாட்டிலு வரலீங்க. பிள்ளை மட்டுந்தான் வந்திருக்கான். பாத்துட்டுப் போறீங்களா?"

வந்தவர் அசடு வழியத் திரும்புவார். அவள் உள்ளே வந்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் காபி கலக்குவாள்.

அவளுக்கு நெஞ்சுவலி வந்து மதுரை மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள், நிலைமை சரியில்லை என்று மருத்துவர்கள் சொன்னதும் மகனுக்குத் தகவல் கொடுத்தேன். அவனுடைய அதிகாரி அன்றிரவே அவனை விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டார். உடை மாற்ற நேரமில்லை. சீருடையோடு ஏறினான்.

விமானத்தில் நடந்ததைப் பிற்பாடு அவன் சொல்லித்தான் அறிந்தேன். மதுரையில் இறங்குவதற்குச் சற்று முன், நம்மோடு ஒரு படைவீரர் பயணம் செய்கிறார், அவருக்கு நம் நன்றியைத் தெரிவிப்போம் என்று அறிவித்தார்களாம். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். எழுந்து நிற்குமாறு பணிப்பெண் சைகை காட்டவே, எழுந்து நின்று கும்பிட்டிருக்கிறான். அவன் அம்மா அப்போது இறந்து சில மணி நேரம் ஆகியிருந்தது. கைதட்டல் நிற்பதற்கு நெடுநேரம் ஆயிற்று என்றான்.

தரையிறங்கியதும் கைப்பேசியை இயக்கி என்னை அழைத்தான். பெட்டிகள் வரும் சுற்றுப்பட்டையின் அருகில் அவனோடு படம் எடுத்துக்கொள்ளச் சிலர் காத்திருந்தார்கள். அவன் பேசி முடிக்கும்வரை பொறுக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றவில்லை. அந்தப் படம்தான் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அங்கிருந்து மருத்துவமனைக்கு அவனை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் கூலி வாங்க மறுத்துவிட்டார்; ஆனால் வழியில் தம்முடைய ஸ்டாண்டில் நிறுத்தி, நண்பர்களுக்கு அவனை அறிமுகப்படுத்திவிட்டுத்தான் வந்தார். "அம்மா எறந்துட்டாங்க அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் போகணும்" என்று இவன் சொன்னபோது, "ரெண்டே நிமிசம் சார், பயலுக ஆசப்படுறானுக" என்றாராம். கூலியை வாங்கிக்கொண்டு நேரே வந்திருந்தால் நான் அவரை இன்று நன்றியோடு நினைத்திருப்பேன்.

கிறிஸ்தவர்களாகிய எங்களுக்குச் சவப்பெட்டி வேண்டும். மனைவியின் தங்கை கொடைக்கானலிலிருந்து தொலைபேசியில், "பெட்டிய அங்கனயே வாங்கிருங்க மாமா. இங்க ஈரத்துல பலகையெல்லாம் ஊதிப்போய்க் கெடக்கு. வெள்ளனே கெளம்பி வந்துருங்க, நாங்க எல்லாத்தையும் ரெடி பண்ணி வச்சிருக்கோம்" என்றாள். அவள் சொன்ன 'எல்லாம்' எது என்பது எனக்குத் தெரியும். வண்டி வாசலில் நின்றதும் பெண்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். குளிப்பாட்டுவார்கள், கல்யாணச் சேலையை உடுத்துவார்கள், கையில் ஜெபமாலையைச் சுற்றுவார்கள். ஆண்களைத் தெருவில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன்பின் மறுநாள் கல்லறைத் தோட்டம் வரை அவள் பங்குக்கோயிலுக்கும் விடுதியில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஊருக்கும் உரியவள். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவர்கள் அவளை நேசித்தார்கள். ஆனால் நாங்கள் மூவரும் மட்டும் இருக்க எஞ்சியிருந்தது அந்தப் பயணம் ஒன்றே. அதையாவது யாரும் தொடாமல் இருக்க வேண்டும் என்பது தவிர அன்று எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஆம்புலன்ஸின் பின்பகுதியில் பெட்டி. மூடியைக் கழற்றி இருக்கைக்கு அடியில் செருகியிருந்தோம். கல்லறையில்தான் அதை ஆணியடித்து மூடுவார்கள். ஒரு பக்கம் நான், எதிரில் அவன். மதுரையின் நெரிசல் கழிந்து வயல்கள் வந்தன. பிறகு அவன் அவள் நெற்றியில் கைவைத்து, "குளிருதுப்பா" என்றான். நான் ஆமாம் என்றேன். சற்றுப் பொறுத்து, "கடைசியா என்ன சொன்னாங்க?" என்று கேட்டான். விரிவாகச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். வண்டி நின்றது.

வத்தலக்குண்டில் சாலையை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம். மூவண்ணக் கொடிகள், ஒலிபெருக்கி, விடுமுறையிலும் பள்ளிச் சீருடை மாட்டி வெயிலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள். "வீர வணக்கம்! வீர வணக்கம்!" என்ற முழக்கம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தது. யாரோ பெரிய மனிதர் இறந்திருக்கிறார், நாம் தவறான நேரத்தில் வந்துவிட்டோம் என்றே முதலில் நினைத்தேன். ஓட்டுநர் நடுவிலிருந்த சிறு ஜன்னலைத் தள்ளித் திறந்து கைப்பேசியைக் காட்டினார். விமான நிலையப் படத்தை அப்போதுதான் நான் முதன்முதலில் பார்த்தேன்.

"நமக்குத்தேன் சார் கூட்டம். மதுரையில வண்டி கெளம்பினப்பவே எவனோ போட்டோ எடுத்துப் போட்டுட்டான். இந்தப் பக்கமெல்லாம் பெட்டின்னாலே மிலிட்டரிதேன் சார். நம்ம ஆளுக பாடையிலதான போவாக."

விளங்கிவிட்டது. சவப்பெட்டியைச் செய்தியில் மட்டுமே கண்ட ஊர் அது. அங்கே பெட்டியில் வருபவன் எல்லையில் இறந்தவன். பெட்டி உண்மை. சீருடை உண்மை. கண்ணீர் உண்மை. முடிவு மட்டும்தான் பொய்.

வெள்ளை வேட்டியும் தோளில் பட்டுத் துண்டுமாக ஒருவர் பின்கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் ஓர் ஆள் பெரிய ரோஜா மாலையோடு. நான் இறங்கி, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: "இறந்திருப்பது என் மனைவி. இவனுடைய அம்மா. நோயால் இறந்தார். நீங்கள் யாரையோ நினைத்து வந்திருக்கிறீர்கள்."

அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ஒலிபெருக்கிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐயா, கோவிச்சுக்கிறாதீங்க. வீரனப் பெத்த தாயின்னா சும்மாவா? ஜனம் வெயில்ல நிக்கிது. போட்டோக்காரரும் வந்துட்டாரு. ஒரே ஒரு மாலை, ரெண்டு வார்த்த பேசுவேன். அம்புட்டுத்தேன். நீங்க இப்ப எதுவும் சொல்ல வேணாம்."

மூடியைப் போடச் சொல்லி ஓட்டுநருக்குக் கண்காட்டினார். அவள் முகம் மறைந்தது. மாலை பெட்டியின் மேல் விழுந்தது. அடுத்து ஒருவர் கொடியை விரித்தார். அதுவரை பொறுத்திருந்த நான், பெட்டியின் மேல் கையை ஊன்றி, "இது கூடாது" என்றேன்.

"என்னங்க ஐயா, படிச்சவரு மாதிரி இருக்கீங்க. தேசபக்தி இல்லாம பேசுறீங்களே?"

என் மகன்தான் பதில் சொன்னான். "அப்பா சொல்றது சரிங்க. கொடி போத்துறதுக்கு மொறை இருக்கு. அம்மாவுக்குப் போடக் கூடாது. மடிங்க." சொன்னவன் சீருடையில் இருந்ததால் மடித்தார்கள்.

பேச்சு தொடங்கியது. இரண்டு வார்த்தை என்றவர் மண்ணின் மைந்தன் என்றார், குருதி என்றார், பகைவர் என்றார்; பெற்ற தாய் என்று மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லவில்லை. தெரிந்தே ஒருவர் பொய்யை இத்தனை உருக்கத்தோடு பேசியதை நான் அதற்குமுன் அவ்வளவு அருகில் நின்று பார்த்ததில்லை. பிள்ளைகளுள் ஒரு சிறுமி உண்மையாகவே அழுதாள். அவளை அழவைத்ததற்காகத்தான் அந்த மனிதர்மேல் எனக்கு மிகுந்த கோபம்.

எல்லாம் முடிந்து என் மகன் பின்பக்கம் ஏறப் போனபோது தடுத்துவிட்டார்கள். "தம்பி முன்னாடி உக்காரட்டும். வழி நெடுக ஜனம் பாக்கணும்ல?" தோளைப் பிடித்து முன்னிருக்கையில் உட்காரவைத்துக் கதவையும் சாத்தினார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கட்டளைக்குப் பழகியவர்களிடம் ஒரு பலவீனம் உண்டு. யார் உரக்கச் சொன்னாலும் உடல் முதலில் கீழ்ப்படிந்துவிடும். நானும் பேசியிருக்கலாம். பின்பக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

முன்னால் கொடி கட்டிய மோட்டார் சைக்கிள்கள் ஒலியெழுப்பிக்கொண்டு வழி திறந்தன. காட்ரோடு சோதனைச் சாவடியில், மற்ற நாட்களில் இ-பாஸ் கேட்டுத் தண்ணீர் பாட்டில்வரை துழாவுகிறவர்கள், தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட்டு நின்று சலாம் வைத்தார்கள். கோடை விடுமுறையின் சனிக்கிழமை அது. சுற்றுலா வண்டிகளெல்லாம் ஓரம் கட்டி நின்றன. டம்டம் பாறையில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் பக்கம் கைப்பேசியைத் திருப்பினார்கள்.

"மந்திரி வந்தாக்கூட இப்பிடி ரோடு கெடைக்காது சார்" என்றார் ஓட்டுநர், ஜன்னல் வழியே, உண்மையான மகிழ்ச்சியோடு. வளைவுகளில் அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பெட்டியையும் பிடித்துக்கொண்டிருந்தேன். மாலை சரிந்து சரிந்து என் காலடியில் விழுந்தது. சிறு ஜன்னலில் தெரிந்தது என் மகனின் தொப்பி மட்டும். அவன் அம்மா இங்கே, மூடியின் கீழ். அவன் அங்கே, காட்சிப்பொருளாக. நடுவே ஒரு தகரத் தடுப்பு. மலையோ, அள்ளிக்கொண்டு போவதுபோல், எங்களை மேலே இழுத்துக்கொண்டிருந்தது. வாழகிரி போயிற்று. ஊத்து போயிற்று. கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்ற அவனுடைய கேள்வி வத்தலக்குண்டிலேயே நின்றுகொண்டிருந்தது.

பெருமாள்மலையில் மறுபடியும் கூட்டம். கடைகளுக்குக் குறுக்கே கயிறு கட்டிக் காகிதக் கொடிகள் தொங்கவிட்டிருந்தார்கள். இளைஞர்கள் ஓடிவந்து முன்கதவைத் திறந்து என் மகனின் கையைப் பிடித்து இழுத்தார்கள். "அண்ணே, எறங்குங்கண்ணே. எங்க குண்டு பட்டுச்சு அவருக்கு? ரெண்டு வார்த்த பேசுங்கண்ணே." அவன் இறங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, விடுங்க" என்றான். பழுதான லாரிக்கு அடியில் பனியில் படுத்து வேலை செய்கிறவனின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

நான் இறங்கினேன். பின்கதவுகள் இரண்டையும் முழுக்கத் திறந்தேன். பெட்டியின் மூடியை நானே தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்தேன்.

"எல்லோரும் பாருங்கள்" என்றேன். வகுப்பறைக் குரல் எனக்கு இன்னும் இருக்கிறது. "இவர் என் மனைவி. பள்ளி விடுதியில் மேட்ரனாக இருந்தார். நெஞ்சுவலியில் இறந்தார். யாரும் இவரைச் சுடவில்லை. முன்னால் இருப்பது எங்கள் மகன். அவன் தன் அம்மாவோடு வீட்டுக்குப் போக விரும்புகிறான். அவ்வளவுதான்."

முழக்கம் நின்றுவிட்டது.

"அட, பொம்பளையாள்ல கெடக்கு!"

"அப்ப மிலிட்டரிக்காரரு?"

"ஏலே, அந்தா முன்சீட்ல உக்காந்திருக்காருல்ல."

"உசுரோடயா இருக்காரு?"

அப்படிக் கேட்டவனின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

"அப்ப எதுக்குய்யா யூனிஃபார்ம்ல வர்றாரு? ஊர ஏமாத்தவா?" என்றார் பின்னாலிருந்து இன்னொருவர். சோலியை விட்டுவிட்டு மத்தியானத்திலிருந்து காத்துக்கிடந்ததாக வேறொருவர் முணுமுணுத்தார். கையில் மாலை வைத்திருந்த இளைஞன் அதைப் போடுவதா திருப்பிக் கொண்டுபோவதா என்று தெரியாமல் நண்பனைப் பார்த்தான். நண்பன் வேறு பக்கம் பார்த்தான். எங்களுக்கு வழிகாட்டி வந்த மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கொடிகளைச் சுருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார்கள். மன்னிப்புக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களிடம் ஏமாந்ததாகவே அவர்கள் நினைத்தார்கள்.

பூண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாள் மட்டும் எழுந்து வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆத்தாளுக்கு என்னய்யா சீக்கு?"

"இருதயம்."

"நாளாப் படுக்கையில கெடந்தாகளா?"

"இல்லை. மூன்று நாள்தான்."

"அப்பச் சீரழியாமத்தேன் போயிருக்காக." அந்த நாள் முழுவதிலும் பதில் சொல்லத்தக்க கேள்வி கேட்டவர் அவர் ஒருவரே. பிறகு இளைஞர்கள் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்: "ஏலே, வேடிக்க பாத்தது போதும்டா! அந்தக் கயித்த அவுத்து ரோட்ட விடுங்க. பூம்பாறை பஸ்சு வளைவுலயே நிக்கிது. வெரசா!" பேருந்துக்காகத்தான் சொன்னார். எங்களுக்கும் அது உதவிற்று.

என் மகன் முன்கதவைத் திறந்து இறங்கிப் பின்பக்கம் வந்து ஏறினான். யாரும் தடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தான். நான் என் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். சீருடையின் மேல் அதைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டிக்கொண்டான்.

வெள்ளி நீர்வீழ்ச்சிக்குச் சற்று முன்பாகவே வண்டி நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கார்கள், வேன்கள், பேருந்துகள். ஓட்டுநர் சைரனைப் போட்டார். யாரும் அசையவில்லை. எதிரே நின்ற வேனிலிருந்து ஒருவர் தலையை நீட்டி உள்ளே பார்த்து, "பாடிதான? பொறுமையாப் போகலாம்ல?" என்றார்.

"சொல்லாம இருந்திருக்கலாம் சார்" என்றார் ஓட்டுநர். "மேல வரைக்கும் ராஜபாட்டையா இருந்திருக்கும். இப்பப் பாருங்க, ராத்திரி ஆயிரும்."

என் மனைவியின் மூக்குக்கண்ணாடி மூன்று நாட்களாக என் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து மகனிடம் கொடுத்தேன். கம்பளிச் சட்டையின் ஓரத்தால் நிதானமாகத் துடைத்து, காதுகளில் மாட்டி, மூக்கின் மேல் சரிசெய்தான். கண்ணாடி இல்லாமல் யாரோபோல் இருந்தவள், மறுபடியும் எங்கள் பொய்களைக் கேட்டுக்கொண்டிருப்பவள் ஆனாள். அவன் அவள் முன்தலை முடியை ஒதுக்கிவிட்டான். கடைசியாக என்ன சொன்னாள் என்று மறுபடியும் கேட்டான். இம்முறை முழுவதையும் சொன்னேன். மருத்துவமனைக் காபி தண்ணீராக இருக்கிறது என்று சொன்னாள், அவன் வந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள், சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தோமா என்று இருமுறை கேட்டாள். "சாத்தினீங்களாப்பா?" என்றான். தெரியவில்லை என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வெளியே மக்காச்சோளம் சுடும் வாசனை. சிலர் அருவிக்கு முதுகைக் காட்டி நின்று தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை.

இதற்குள் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டிருந்தார். நெடுநேரம் கனைத்துக்கொண்டிருந்தவர், சிறு ஜன்னலைத் திறந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதேன். குளிரு வேற தாங்கல... கோட்டா சரக்கு ஏதாச்சும் பையில...?"

எனக்குள் அன்று முழுவதும் அடங்கியிருந்தது வாய்வரை வந்துவிட்டது. ஆனால் என் மகன் முந்திக்கொண்டான். அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அவளுடைய அதே நிதானத்தோடு சொன்னான்:

"பாட்டிலு வரலண்ணே. பிள்ளை மட்டுந்தான் வந்திருக்கான்."

ஓட்டுநர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அவன் குனிந்து பெட்டியின் விளிம்பில் நெற்றியை வைத்தான். அவனுடைய முதுகின்மேல் கைவைத்து நான் உட்கார்ந்திருந்தேன்.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. பனிமூட்டம் இறங்கி முன்னால் நின்ற வண்டிகளின் சிவப்பு விளக்குகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. போக்குவரத்தைச் சரிசெய்து கொண்டிருந்த காவலர் ஒருவர், கைவிளக்கோடு எங்கள் வண்டியின் அருகே வந்தவர், கம்பளிச் சட்டைக்குக் கீழே தெரிந்த சீருடைக் கால்சட்டையைக் கண்டுவிட்டார். முகம் மாறியது. விறைப்பாக நின்றார்.

"சார், நீங்கதானா அது? காலையிலயே வாட்ஸ்ஆப்ல பாத்தேன். முன்னாடியே சொல்லக் கூடாதா? மிலிட்டரிக்காரங்க இப்பிடி டிராஃபிக்ல நிக்கலாமா? அஞ்சு நிமிசம் கொடுங்க சார். எல்லாத்தையும் ஓரங்கட்டி, ஊருக்குள்ள வரைக்கும் க்ளியர் பண்ணி விட்டுர்றேன்."

நல்ல மனிதர். அவருடைய கை ஏற்கெனவே விசிலுக்குப் போய்விட்டது. மேலே வீட்டு வாசலில் பெண்கள் வெந்நீரோடும் சேலையோடும் காத்திருப்பார்கள் என்பதும், மைத்துனி பத்து முறையாவது அழைத்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். என் மகன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

"வேண்டாம்" என்றேன் காவலரிடம். "எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை."